புதிய ஆர்க்கெஸ்ட்ரா இசை விழா: ரிஹர்சலுக்கும் போகலாமா, கச்சேரி மட்டும் போதுமா?

மாட்டுங்கா ரசிகை | ஜூன் 9, காலை 7.10

ஆகஸ்ட் முதல் வாரம் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில், பெண் வீட்டில் இருப்பேன். அங்கேயே இருக்கும் சாண்டா க்ரூஸில் (நம் பம்பாய் சாண்டாக்ரூஸ் இல்லை) அப்போது கப்ரில்லோ விழா நடக்கும் என்கிறாள். பெரும்பாலும் இன்றைக்கு வாழும் கம்போஸர்களின் ஆர்க்கெஸ்ட்ரா இசையாம். ரிஹர்சலுக்கும் எல்லாரையும் விடுகிறார்கள், டிக்கெட் கிடையாதாம். பம்பாய் ஷண்முகானந்தா ஹாலில் நாற்பது வருஷமாகக் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது எனக்கு. மேற்கத்திய சங்கீதம் என்றால் நரிமன் பாயின்ட் என்.சி.பி.ஏ. கலை மையத்தில் பீத்தோவன் ஐந்தாறு தடவை, அவ்வளவுதான். ரிஹர்சலில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்களே, அதைக் கேட்டுவிட்டுப் போனால் கச்சேரியின் சுவை போய்விடாதா? கச்சேரி மட்டும் போதும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 9, இரவு 9.45

மாமி, தலைகீழாகச் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கச்சேரியை விட்டுவிட்டு ரிஹர்சலுக்குப் போங்கள்.

தோடி ராக ஆலாபனையில் பாடகர் இதுவரை பாடாத ஒரு சஞ்சாரம் பாடினாலும் உங்கள் காதில் தோடி ஏற்கெனவே இருக்கிறது. புதுசு எது, பழசு எது என்று அந்தக் கணமே பிடிபடும். புதிய ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பில் அந்தப் பிடிமானம் கிடையாது. பதினைந்து நிமிஷம் ஓடி முடிந்துவிடும். எது கரு, எது அதன் மாற்றம் என்று காது தேடத் தொடங்கும்போது கைதட்டல் கேட்கும். ரிஹர்சலில் அதே பகுதியை நாலு தடவை கேட்பீர்கள். முதலில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின், செல்லோ மாதிரி தந்தி வாத்தியங்கள்) மட்டும், அப்புறம் ஹார்ன் (ஊதுகிற பித்தளை வாத்தியம்) மட்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து. கையசைத்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டரே உங்களுக்காகப் பிரித்துக் காட்டிய மாதிரி இருக்கும். சுவை கெடாது. கச்சேரியில் அந்த இடம் வரும்போதுதான் "இதோ வருகிறது" என்ற எதிர்பார்ப்பே உண்டாகும்.

1961 அக்டோபரில் ஜெர்மனியின் டோனாவ்எஷிங்கன் புது இசை விழாவில் கம்போஸர் லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபியர்ஸ்' அரங்கேறியபோது அதை அங்கேயே மறுபடியும் வாசித்தார்கள். புது இசைக்கு இரண்டாம் முறை கேட்பது எவ்வளவு தேவை என்பதற்கு இதுவே போதும். ஆனால் அப்படி யாரும் எப்போதும் வாசிக்க மாட்டார்கள். இரண்டாம் தடவைக்கு நமக்கு இருப்பது ரிஹர்சல்தான்.

எந்த ரிஹர்சல் என்பது முக்கியம். பொதுவாக ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு ரிஹர்சல் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், நடுவில் பதினைந்து இருபது நிமிஷம் இடைவேளை. முதல் ரிஹர்சலில் நோட்டைப் படித்துப் பார்ப்பதே பெரும் வேலை. கடைசி ரிஹர்சலில் நிறுத்தாமல் ஓட்டிவிடுவார்கள், பேச்சு குறைவு. இரண்டாவதுக்குப் போங்கள். அதில்தான் நிறுத்தி, காரணம் சொல்லி, திருத்துவார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 9, இரவு 10.20

சொல்ல விட்டது. ரிஹர்சல் வரிசையும் கச்சேரி வரிசையும் ஒன்றாக இருக்காது. அதிகப் பேர் தேவைப்படும் படைப்பை முதலில் எடுப்பார்கள். அது முடிந்ததும் கூடுதல் ட்ராம்போன், கூடுதல் பெர்கஷன் (தட்டி வாசிக்கும் வாத்திய) ஆட்களை அனுப்பிவிடலாம். தனி வாத்தியக்காரர் வருகிற நேரம் தனியாகக் குறித்திருக்கும். கச்சேரிப் பட்டியலைப் பார்த்து "கடைசி அயிட்டம்தானே" என்று தாமதமாகப் போனால் அது முடிந்தே போயிருக்கும். அன்றைய வரிசையைக் கதவருகே ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

சயான் மிருதங்கம் | ஜூன் 10, காலை 6.30

மாமி, தாளம் போடும் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். தொடையில் தட்டுகிற சத்தம் மைக் இல்லாத ஹாலில் மூன்று வரிசைக்குக் கேட்கும். விரலை விரலோடு தொட்டு எண்ணலாம்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 10, மதியம் 1.15

சயான் சார் சொன்னது சரி. மைக் இல்லை என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். நம் சபாக்களில் மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாமல் கச்சேரி இல்லை. ஷண்முகானந்தாவில் 2,763 இருக்கை; வேறு வழியும் கிடையாது. அந்தச் சத்த அளவுக்குப் பழகிய காதுக்கு ஆர்க்கெஸ்ட்ராவின் மெதுவான பகுதி முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் காது தானாக இறங்கி வரும். அதனால் ஐந்து நிமிஷமாவது முன்னால் போய் உட்கார்ந்து, அவர்கள் வாத்தியம் சரிபார்க்கும் சத்தத்தைக் கேளுங்கள்.

எங்கே உட்காருவது: ரிஹர்சலில் கண்டக்டருக்குப் பின்னால், ஐந்தாம் வரிசையிலிருந்து பத்துக்குள், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ. அவர் பேசுவது காதில் விழும், இடது கை தெரியும். வலது கை காலம் காட்டும். எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையெல்லாம் இடது கை சொல்லும். கச்சேரிக்கு இன்னும் பின்னால் போங்கள்.

கொண்டுபோக வேண்டியது: பென்சில், சின்ன நோட்டு, சால்வை. பேனா வேண்டாம், சொடுக்குகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும். ஃபோனை சைலன்ட்டில் போடாமல் அணைத்துவிடுங்கள். மர இருக்கையில் அதிர்வுச் சத்தம் மணி அடிப்பதைவிடக் கேவலமாகக் கேட்கும். ரெக்கார்டிங் கூடவே கூடாது. வாசிப்பவர்களின் சங்கம், பதிப்பாளர், கம்போஸர் என்று மூன்று தரப்பின் உரிமை அதில் இருக்கிறது. இருமல் வரும் என்று தோன்றினால் மிட்டாயின் காகிதத்தை முன்பே உரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா ரசிகை | ஜூன் 10, இரவு 8.05

ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய தாள், பார்க்க முடியுமா? மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் தட்டுத் தடுமாறிப் படிப்பேன்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 11, காலை 7.50

முடியும். பூஸி அண்ட் ஹாக்ஸ் மாதிரி பெரிய பதிப்பகங்கள் பல படைப்புகளின் முழு ஸ்கோரைத் தங்கள் தளத்தில் இலவசமாகப் பார்க்கவிடுகின்றன. பதிவு செய்துகொண்டால் போதும். புத்தம் புதிய படைப்பு என்றால் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று வருஷம் ஆனதாக இருந்தால் தேடலாம்.

எல்லா ஸ்வரத்தையும் படிக்க முயலாதீர்கள். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். ஒன்று, மொத்த நேரம். இரண்டு, ரிஹர்சல் எழுத்துகள்: ஒவ்வொரு பகுதியின் தலையிலும் கட்டத்துக்குள் எழுத்தோ எண்ணோ போட்டிருக்கும். கண்டக்டர் அதைச் சொல்லித்தான் எடுப்பார், அதற்கு இரண்டு பார் (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) முன்னாலிருந்து என்று. எந்த எழுத்தில் என்ன வாத்தியம் முன்னுக்கு வருகிறது என்று நோட்டில் ஒற்றை வரியாக எழுதி வைத்துக்கொண்டால் ரிஹர்சலில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

மூன்றாவது, வாத்தியக் கணக்கு. 3.2.2.2 / 4.3.3.1 என்று இருக்கும். முதல் நாலு எண் மரக்காற்று வாத்தியங்கள்: ஃப்ளூட் 3, ஓபோ 2, கிளாரினெட் 2, பஸூன் 2. அடுத்த நாலு ப்ராஸ், அதாவது பித்தளை ஊது வாத்தியங்கள்: ஹார்ன் 4, ட்ரம்பெட் 3, ட்ராம்போன் 3, டூபா 1. பிறகு டிம்பனி, பெர்கஷன் எத்தனை பேர், ஹார்ப், பியானோ, கடைசியில் ஸ்ட்ரிங்ஸ். பெர்கஷன் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்க கம்போஸர் ஜெனிஃபர் ஹிக்டனின் 'ப்ளூ கதீட்ரல்' (2000) படைப்பில் சுருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளும், கையில் உருட்டுகிற சீன மணி உருண்டைகளும் வரும். அந்த உருண்டைகளை வாசிப்பது வாத்தியக்காரர்கள் கூட்டமாக. பட்டியலைப் பார்க்காதவர் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடியே கடைசி நிமிஷத்தைத் தொலைப்பார்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 11, இரவு 10.30

நேற்று எழுதியதில் திருத்தம். ஐந்தாம் வரிசை என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். சாண்டா க்ரூஸில் கச்சேரி நடக்கும் சிவிக் ஆடிட்டோரியம் கச்சேரிக்கென்றே கட்டிய ஹால் இல்லை. எல்லாக் கூட்டமும் நடக்கும் பொது அரங்கம். தரைமட்டத்தில் முன்னால் உட்கார்ந்தால் வயலின், செல்லோ முன்வரிசைதான் கண்ணையும் காதையும் அடைக்கும். ஓபோ, கிளாரினெட் எல்லாம் அவர்கள் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே இடைவேளைவரை முன்னால், அதன் பிறகு மேலே. பெர்கஷன்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மேலிருந்துதான் தெரியும். ஸ்பீக்கரும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படைப்பு என்றால் ஒலி மேஜை எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில் உட்காருங்கள். சரிபார்ப்பவரின் காதுக்குக் கிடைப்பதே உங்களுக்கும் கிடைக்கும்.

சயான் மிருதங்கம் | ஜூன் 12, காலை 6.40

தாளக் கணக்கு எப்படி இருக்கும் என்று எழுதுங்களேன். மாமிக்கு அதுதான் கைப்பிடி.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 12, இரவு 9.10

எழுதுகிறேன். இதில் நமக்கு இருக்கிற வசதி பெரிது. ஒரு குழியும் இருக்கிறது.

ஸ்கோரில் 7/8 என்று இருந்தால், அதாவது ஒரு பாருக்கு ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாபு மாதிரி எண்ணிக்கொண்டே போகலாம். 5/8 கண்ட சாபு. ஆனால் ஒரே பக்கத்தில் 7/8, 3/4, 5/8, 2/4 என்று பாருக்குப் பார் மாறும். ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, திரும்பி வராது; சமத்துக்கு (சுற்றின் முதல் அடிக்கு) காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். முத்தாய்ப்பு எங்கே விழும் என்று தேடுவதை விட்டுவிட்டு, அடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நடை மாற்றம். அமெரிக்க கம்போஸர் எலியட் கார்ட்டர் 1948-இன் செல்லோ சொனாட்டாவிலிருந்து இதைப் பெரிய அளவில் கையாண்டார். நிமிஷத்துக்கு 60 அடி. ஒவ்வொரு அடியிலும் ஐந்து, அதாவது தகதகிட. நிமிஷத்துக்கு 300 அக்ஷரம் ஆச்சு. இப்போது அதே 300-ஐ நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு நாலின் தலையையும் புது அடி என்று வையுங்கள். 300-ஐ நாலால் வகுத்தால் 75. காலப்பிரமாணம் 60-லிருந்து 75-க்குப் போய்விட்டது; அக்ஷரம் மட்டும் அப்படியே ஓடுகிறது. தனி ஆவர்த்தனத்தில் கண்ட நடையைத் தகதிமி, தகதிமி என்று சொல்லிப் பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: நாம் பழைய தாளத்தைக் கையில் விடாமல் வைத்திருப்போம். அவர்கள் தாளத்தையே மாற்றிவிடுவார்கள், பழையதுக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. ரிஹர்சலில் கண்டக்டர் இந்த இடத்தில் நிறுத்தி, புது அடியை வாயால் சொல்லிக் காட்டுவார். அதைக் கேட்கவே போகலாம்.

சயான் மிருதங்கம் | ஜூன் 13, காலை 6.35

ஒரு சின்னத் திருத்தம். 7/8-க்கு கண்டக்டர் கையில் ஏழு தேடாதீர்கள் மாமி. வேகமாக இருந்தால் மூன்றே அடிதான் காட்டுவார்: இரண்டு, இரண்டு, மூன்று. ஒன்று நீளமாக இருக்கும். நம் சாபுவில் முதலில் மூன்று, பிறகு நாலு. அவர்களுக்கு நீள அடி முதலில் வரலாம், நடுவில் வரலாம், கடைசியிலும் வரலாம். எங்கே என்று ஸ்கோரில் எழுதியிருக்கும்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 13, இரவு 9.55

ஆமாம், அதை நான் தெளிவாகச் சொல்லவில்லை. நன்றி சார்.

சுருதி விஷயம். தம்பூராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் அந்தர காந்தாரம் தானாக எழும் இல்லையா, அதுதான் ஐந்தாம் ஹார்மானிக்: ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே சேர்ந்து எழும் மேல் ஒலிகளில் ஒன்று. பியானோவின் காந்தாரத்தைவிட அது 14 சென்ட் கீழே நிற்கும். நூறு சென்ட் ஓர் அரைச் சுவரம். ஏழாம் ஹார்மானிக் கைசிகி நிஷாதத்துக்கு 31 சென்ட் கீழே. பதினொன்றாவது, சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறத்தாழ நட்டநடுவில். பிரெஞ்சு கம்போஸர் ஜெரார் க்ரீஸே 1975-இல் எழுதிய 'பார்ஸியேல்' ஒரு ட்ராம்போன் கீழ் ஸ்வரத்தில் இப்படி எழுகிற ஹார்மானிக்குகளைப் பதினெட்டு வாத்தியங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துத் தொடங்கும். அந்த மரபில் வந்த இசையைக் கேட்கும்போது "அபஸ்வரம்" என்று முகம் சுளிக்கிறவர் பியானோவை அளவுகோலாக வைத்துக் கேட்கிறார். தம்பூராவை நினைத்துக்கொண்டு கேளுங்கள், பாதி புரிந்துவிடும். இங்கேயும் ஒரு கவனம் வேண்டும்: அந்த இடைச்சுவரங்கள் அசையாமல் நிற்கும். கமகம் என்று நினைத்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று தேடாதீர்கள்.

மாட்டுங்கா ரசிகை | ஜூன் 14, காலை 7.30

தம்பூரா சொன்னது பிரமாதம். அடுத்த கேள்வி: கண்டக்டர் எதற்கெல்லாம் நிறுத்துவார்? நிறுத்தினால் எனக்கு என்ன தவறு என்று புரியுமா?

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 14, இரவு 11.00

காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். தெரிந்துகொண்டால் காதும் முன்கூட்டியே தயாராகும்.

பின்வரிசை தாமதம். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். மேடையின் பின்பக்கம் 15 மீட்டர் தள்ளி நிற்கும் பெர்கஷன்காரர், முன்வரிசை வயலின் காதில் விழுந்த பிறகு அடித்தால், போக வர இரண்டு வழியும் சேர்ந்து முன்னால் இருப்பவர்களுக்கு கிட்டத்தட்ட 90 மில்லி விநாடி பிந்திக் கேட்கும். நிமிஷத்துக்கு 120 அடி என்ற காலத்தில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லி விநாடி. எவ்வளவு பிசகு பாருங்கள். அதனால் அவர் காதை நம்பாமல் கையைப் பார்த்தே அடிக்க வேண்டும். கண்டக்டர் பின்னால் கைகாட்டி 'கேட்காதே, பார்' என்று சொன்னால் விஷயம் இதுதான். பாடகரிடமிருந்து இரண்டு மீட்டரில் உட்காரும் மிருதங்கத்துக்கு இந்தக் கஷ்டமே கிடையாது.

சுருதி மாற்றி எழுதும் வாத்தியங்கள். சாதாரண பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் எழுதியதைவிட ஒரு முழுச் சுவரம் கீழே ஒலிக்கும், எஃப் ஹார்னில் ஐந்து சுவர இடைவெளி கீழே. சில ஸ்கோரில் கேட்கிறபடியே எழுதியிருப்பார்கள், வாத்தியக்காரர் தாளில் மாற்றி எழுதியிருக்கும். கண்டக்டர் ஒரு சுவரப் பெயர் சொல்ல, ஹார்ன்காரர் வேறு பெயர் சொல்ல, இரண்டு நிமிஷம் பேச்சு நடக்கும். புதுப் படைப்பில் நகல் எடுத்தபோது ஒரு ஷார்ப் விட்டுப்போவதும் சகஜம். முதல் ரிஹர்சலின் பாதி இதற்கே போகும்.

கைக்கு நேரமில்லாமை. வயலினில் ம்யூட் என்ற ஒலியடக்கியை மாட்ட இரண்டு மூன்று விநாடியாவது வேண்டும். ஹார்ப்பில் ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. வேகமாகச் சுவரம் மாறினால் காலால் மிதிக்கிற சத்தம் கேட்கும். பெர்கஷன்காரர் மரிம்பாவிலிருந்து டாம்டாமுக்கு நாலடி நடந்து, கோலையும் மாற்ற வேண்டும். கம்போஸர் மேஜையில் எழுதும்போது இவை மறந்துபோகும். தீர்வு அங்கேயே நடக்கும்: ஒரு சுவரத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார்கள், அல்லது இரண்டு பேர் மட்டும் முன்பே ம்யூட் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக, அளவு. ப்ராஸ் சேர்ந்தால் ஹார்ப், செலஸ்டா, தாழ்ந்த ஃப்ளூட் எல்லாம் முழுகும். கண்டக்டர் நிற்கும் இடத்தில் அது தெரியாது, ஹாலில்தான் தெரியும். கம்போஸரோ உதவிக் கண்டக்டரோ நடுவில் ஸ்கோரோடு உட்கார்ந்திருப்பது அதற்குத்தான். அவர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். இடைவேளை அவருக்கு வேலை நேரம். ரிஹர்சல் முழுவதும் முடிந்த பிறகு போய்க் கேளுங்கள், சந்தோஷமாகவே பேசுவார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 15, காலை 8.00

மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்: காலி ஹாலில் கேட்ட அளவு கச்சேரியில் இருக்காது. உடம்பும் துணியும் ஒலியை, குறிப்பாக மேல் ஸ்தாயியை, உறிஞ்சிவிடும். ரிஹர்சலில் கூர்மையாகக் கேட்ட சிம்பல் கச்சேரியில் மங்கலாகக் கேட்டால் உங்கள் காதில் குறை இல்லை.

சயான் மிருதங்கம் | ஜூன் 15, இரவு 8.20

கிளம்பும் முன் பம்பாயிலேயே காதைப் பழக்கிக்கொள்ள வழி உண்டா?

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 16, இரவு 9.30

ஹாலைப் பழக்கிக்கொள்ளலாம். என்.சி.பி.ஏ.வின் டாடா தியேட்டர் 1980-இல் திறந்தது. ஃபிலிப் ஜான்சன் வரைந்தார், ஒலியமைப்பு சிரில் ஹாரிஸ். மேடையைச் சுற்றி விசிறியாக இருக்கை. மைக் இல்லாத சின்ன நிகழ்ச்சி எது அங்கே நடந்தாலும் போய், முன்னால் பாதி, பின்னால் பாதி என்று உட்கார்ந்து பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ரா கேட்க அதே வளாகத்தில் இருக்கும் ஜம்ஷெட் பாபா தியேட்டர். சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006-இல் தொடங்கியது. அவர்களின் சீசன் பெரும்பாலும் பிப்ரவரி, செப்டம்பர் வாக்கில். உங்கள் பயணத்துக்கு முன்னால் கிடைக்காது. ஆனால் திரும்பி வந்த பிறகு கிடைக்கும், அப்போது இன்னும் நன்றாகக் கேட்பீர்கள். இதே ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஜாகிர் ஹுசேன் எழுதிய தபலா கான்செர்டோ 'பேஷ்கார்' 2015-இல் இங்கேதான் அரங்கேறியது. புதிய இசை என்றாலே வெளிநாடு என்று நினைக்க வேண்டியதில்லை.

மாட்டுங்கா ரோடிலிருந்து சர்ச்கேட் வண்டி, வெளியே வந்தால் நரிமன் பாயின்ட் ஷேர் டாக்ஸி. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாட்டுங்கா ரசிகை | ஜூன் 17, காலை 7.15

பெண்ணுக்கு வேலை நாளில் லீவு கிடைக்காது. சாண்டா க்ரூஸுக்கு நானே போக முடியுமா? இரண்டு நாள்தான் கிடைக்கும். கச்சேரியில் இருக்கிற நாலு படைப்புக்கும் ஒவ்வொரு ரிஹர்சல் போவதா, ஒன்றையே இரண்டு தடவையா?

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 17, இரவு 10.10

போகலாம். சன்னிவேலிலிருந்து கால்ட்ரெயினில் சான் ஹோஸே டிரிடான் ஸ்டேஷன். அங்கிருந்து ஹைவே 17 பஸ் மலையைத் தாண்டி சாண்டா க்ரூஸ் நகர மையத்தில் இறக்கிவிடும். ஹால் நடக்கிற தூரம். வளைவுப் பாதை, வயிறு புரட்டும் என்றால் முன் இருக்கை. சனி ஞாயிறில் கடற்கரைக் கூட்டம் அந்த ரோட்டை அடைத்துவிடும். ரிஹர்சலுக்கு வேலை நாளே மேல். இரவு திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். ஆகஸ்டிலும் சாயங்காலம் கடல் மூட்டம் வந்து குளிரும். சால்வை என்று முன்பே சொன்னது ஏ.சி.க்காக மட்டும் இல்லை.

ஒன்றையே இரண்டு தடவை. சந்தேகமே வேண்டாம். நாலையும் ஒவ்வொரு முறை கேட்டால் நாலும் கலங்கிய ஞாபகமாக நிற்கும். ஸ்கோர் கிடைக்கிற படைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் இரண்டாவது ரிஹர்சல், கடைசி ரிஹர்சல் இரண்டுக்கும் போங்கள். மற்ற மூன்றும் கூடவே காதில் விழத்தான் போகின்றன. முடிந்தால் அதே வாரம் கச்சேரி.

கிங்ஸ் சர்க்கிள் | ஜூன் 18, காலை 7.05

முதல் பதிலில் "கச்சேரியை விட்டுவிடுங்கள்" என்று எழுதியதை இப்போது படித்தேன். அது கொஞ்சம் அதிகம். மெதுவாக அடங்கி முடிகிற படைப்புக்கு ரிஹர்சல் போதாது. அங்கே கடைசிப் பார் முடிவதற்குள் கண்டக்டர் கையை இறக்கி அடுத்த திருத்தத்துக்குப் போய்விடுவார், நாற்காலி நகரும், யாராவது இருமுவார். 'ப்ளூ கதீட்ரல்' கடைசி மணி உருண்டைகளின் ஒலி ஆள் நிறைந்த, அசையாத ஹாலில்தான் முழுதாகக் கிடைக்கும். கச்சேரியில் அந்த மாதிரி இடம் வந்தால் ஒலி நின்ற பிறகும் கண்டக்டரின் கை மேலேயே நிற்கும். அது இறங்கும் வரை தட்டாதீர்கள்.

மாட்டுங்கா ரசிகை | ஜூன் 18, இரவு 8.40

இரண்டு ரிஹர்சல், ஒரு கச்சேரி. பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஸ்கோர் தேட ஆரம்பித்திருக்கிறேன். ரிஹர்சல் எழுத்து எச் வரைக்கும் நோட்டில் எழுதியாச்சு.